ஸ்ட்ராபெரிக்கும் செம்பனைக்கும் ஒரே மண்டோர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் தங்கள் ஞாயிறு பதிப்பில், வீட்டுக் குறிப்புகள் போடுகிற பக்கத்தின் மூலையில், ஸ்ட்ராபெரி வாங்கும்போது ஏமாறாதீர்கள் என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறதா, அப்படியானால் வெளியே இருப்பது சாயம். தண்ணீரில் போட்டால் தண்ணீர் சிவக்கும், அதுதான் சாட்சி. இப்போது டப்பாவில் வருகிற வெள்ளை ஸ்ட்ராபெரி ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றிச் செய்தது, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். நான்கு வரிக்குள் மூன்று தப்பு. எழுதியவர் பெயர் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றியதை யாரோ அப்படியே எடுத்து அச்சில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் மனைவி பீடோரில் சாலையோரம் பழக்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க் கொய்யாதான் அந்தக் கடைக்குச் சோறு போடுகிறது. அதோடு பெத்தாய், பருவம் வந்தால் டுரியான், தாப்பா வழியாகக் கேமரன் மலையிலிருந்து இறங்குகிற லாரியில் வரும் ஸ்ட்ராபெரி. எப்போதாவது ஈப்போ மொத்த வியாபாரி கொரியா, ஜப்பான் பழங்களில் நாலைந்து டப்பா தள்ளிவிடுவார். வெள்ளை ஸ்ட்ராபெரி அப்படித்தான் எங்கள் கடைக்கு வந்தது.

துணுக்கு வந்த மறுநாள் காலை ஒரு அம்மா பேப்பரை அந்த இடத்தில் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் வாங்கிய சிவப்புப் பழத்தில் ஒன்றைக் கடித்துக் காட்டி, "இங்க பாருங்க, உள்ள வெள்ளை. பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்றார். 12 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். சாயங்காலம் இன்னொருவர். அடுத்த நாள் இரண்டு பேர். காசு போனதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து யாரிடமும் ஒரு காசு கூட்டிக் கேட்காத என் மனைவி, "சாயம் ஏத்தி விக்கிறீங்களா" என்ற ஒரு வார்த்தைக்காக அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார், இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எனக்கு 64 வயது. மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இந்த வட்டாரத்துத் தோட்டத்து லயத்தில்தான். ஆனால் பழத்தின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். 17 வயதில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டப் போனேன். குலை வெட்டுகிறவனுக்குக் கண்தான் முதல் ஆயுதம், அரிவாள் அப்புறம்தான். காய் கன்னங்கரேலென்று இருக்கும். முற்ற முற்றக் கறுப்பு கலைந்து செம்மஞ்சள் ஏறும். மரத்தடியில் உதிரிப்பழம் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்கிற அந்த நொடியிலேயே வெட்டலாமா, விடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். தப்பாகக் காயை இறக்கிவிட்டால், குலைக் காம்பில் நாம் எழுதி வைத்த நம்பரைப் பார்த்து மண்டோர் (வேலையை மேற்பார்க்கிற கங்காணி) குறித்துக்கொள்வார். மாசக் கடைசியில் சம்பளத்தில் பிடிப்பு வரும். அப்படி நிறம் படித்த கண் இது.

என் அம்மாவும் அதே தோட்டம்தான், ஆனால் அவர் வேலை பூவுக்குத் தூள் அடிப்பது. ஆண் பூவின் மகரந்தத்தை முகப் பவுடர் மாதிரியான டால்க் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் தூவ வேண்டும். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். (அந்தக் கேமரூன் வேறு, நம் கேமரன் மலை வேறு. மலைக்குப் பெயர் 1885-இல் அளக்கப் போன வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரரால் வந்தது.) அம்மா செய்த வேலையை வண்டு சம்பளம் கேட்காமல் செய்தது. அம்மா களையெடுக்கப் போனார்.

1989-இல் என்னை விதைத்தோட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசியில் அங்கேயே மண்டோராகி ஓய்வு பெற்றேன். விதைத்தோட்டம் என்றால் செம்பனைக்குக் கல்யாணம் கட்டி வைக்கிற இடம். டூரா என்ற தாய்மரத்தில் கொட்டையின் ஓடு தடியாக இருக்கும். பிசிஃபெரா என்ற தகப்பன் மரத்தில் ஓடே கிடையாது, ஆனால் அதில் குலை ஒழுங்காகப் பிடிக்காது. இரண்டையும் சேர்த்தால் பிறக்கிற பிள்ளை தெனெரா. மெல்லிய ஓடு, கூடுதல் சதை, கூடுதல் எண்ணெய். இன்றைக்கு நாட்டில் நட்டிருக்கிற செம்பனையில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைதான். பூ விரிவதற்கு முன்பே பை கட்டி, வெளித் தூள் எதுவும் நுழையாமல் காத்து, நாள் பார்த்துக் குழாய் வழியாகப் பிசிஃபெரா தூளை ஊதி, அட்டை எழுதி மாட்டி, ஐந்தாறு மாதம் கழித்துக் குலையை இறக்குவோம். எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று கல்யாணத் தரகரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே போன முதல் வருஷம் நடந்தது இது. பரிசோதனைக்காக நட்ட நிரை ஒன்றில் ஒரு மரத்தின் குலை பச்சைப்பசேலென்று இருந்தது. இளங்காய் கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும்? நோய் பிடித்த மரம் என்று நினைத்து அதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனுஷர், சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். நாம் வழக்கமாகப் பார்க்கிற கறுப்புக் காய்க்கு நைக்ரெசென்ஸ் என்று பெயர். பச்சைக் காய்க்கு விரெசென்ஸ். கறுப்பு என்பது மரமே தயாரித்துத் தோலில் வைக்கிற ஒரு நிறமி, ஆந்தோசயனின். பச்சைக் காய் மரம் அதை வைப்பதில்லை. அப்புறம் இரண்டுமே பழுத்துச் செம்மஞ்சள் ஆகும், ஏனென்றால் அந்தச் செம்மஞ்சள் கரோட்டின், அது வேறு கணக்கு. எண்ணெய்க்குச் சிவப்பு தருவதும் அதே கரோட்டின்தான். "நோயும் இல்லை ஒண்ணும் இல்லை, இது வேற பரம்பரை" என்றார். நான் அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் கடைக்கு வந்த அந்த அம்மா மீது எனக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம். நானும் அப்படித்தான் ஓடினேன், பேப்பரில் யாரும் எழுதாமலேயே.

அந்தப் பச்சைக் காயின் ரகசியம் 2014-இல் வெளியே வந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி போன்றவர்கள் இருந்த குழு அது. கொட்டை ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கிற மரபணுவையும் அதற்கு முந்தைய வருஷம், 2013-இல், அவர்கள்தான் வெளியிட்டார்கள். நாங்கள் ஏணியில் ஏறிப் பை கட்டிய காலமெல்லாம் எதைக் கலந்துகொண்டிருந்தோமோ, அதன் எழுத்தையே படித்துவிட்டார்கள். என் மகள் அறிவியல் ஆசிரியை. அவள்தான் அந்தக் கட்டுரையை எடுத்து வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள். அதே சூட்டில் ஸ்ட்ராபெரி பற்றியும் தேடி எடுத்தாள். படித்துப் பார்த்தால் இரண்டு பழத்திலும் நிறத்துக்குப் பொறுப்பு ஒரே குடும்பத்து மரபணு! அதன் பெயர் மிப் (MYB).

மிப் நேரடியாக நிறம் செய்யாது. தோட்டத்துப் பழக்கத்தில் சொன்னால் அது மண்டோர். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுகிறவர். ஆந்தோசயனின் செய்ய ஏழெட்டு நொதிகள் வரிசையாக வேலை பார்க்க வேண்டும். ஃபினைல்அலனின் என்ற சாதாரண அமினோ அமிலத்தை முதல் நொதி வாங்கி மாற்றும், அடுத்தது அதை வாங்கி இன்னும் மாற்றும், இப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசியில் நிறம் வரும். அந்த நொதிகளுக்கான மரபணுக்களையெல்லாம் "வேலைக்கு வா" என்று கூப்பிடுவது மிப். அதுவும் தனியாக நின்று கூப்பிட முடியாது, இன்னும் இரண்டு புரதங்கள் கூட நிற்க வேண்டும், கிராணியும் கணக்கப்பிள்ளையும் மாதிரி. மண்டோர் வரவில்லை என்றால் ஆட்கள் எல்லாரும் லயத்திலேயே இருப்பார்கள். ஆள் இல்லாமல் இல்லை, கூப்பிட ஆள் இல்லை. வெள்ளை ஸ்ட்ராபெரியின் கதை இவ்வளவுதான்.

கடைசியில் லாரிக்காரனும் வேண்டும். செய்த நிறமியைச் செல்லுக்குள் இருக்கிற தண்ணீர்ப் பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு புரதம் உண்டு. அது கெட்டுப்போனாலும் பழம் வெளுக்கும் என்று 2018-இல் காட்டு ஸ்ட்ராபெரிச் செடியில் கண்டார்கள். அந்தச் செடிகளில் பழம் மட்டுமல்ல, இலைக்காம்பின் சிவப்பும் போய்விடும்.

ஸ்ட்ராபெரியில் பழத்துக்குப் பொறுப்பான மண்டோர் மிப் 10. ஐரோப்பாவில் காட்டிலே வளர்கிற ஒரு சின்ன ஸ்ட்ராபெரி இனம் இருக்கிறது. அதிலே சிவப்புப் பழச் செடியும் உண்டு, மஞ்சள் கலந்த வெள்ளைப் பழச் செடியும் உண்டு. வெள்ளைப் பழச் செடியில் மிப் 10 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதத்தின் 12-ஆம் இடத்தில் டிரிப்டோஃபான் உட்கார வேண்டிய நாற்காலியில் செரின் வந்து உட்கார்ந்துவிட்டது. மண்டோருக்குக் குரல் போய்விட்டது. 2011-இல் ஸ்ட்ராபெரிக் குடும்பத்தில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பையும் படித்தது இப்படிப்பட்ட ஒரு வெளிர் பழச் செடியைத்தான் என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தக் காட்டு இனத்தில் கணக்கு சுலபம். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் சிவப்பு. அந்தப் பிள்ளைகளுக்குள் சேர்த்தால் பேரன்மாரில் நாலில் ஒன்று வெள்ளை. தாத்தாவின் நிறம் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து வெளியே வரும். ஒரு நல்ல மண்டோர் போதும், எல்லா ஆட்களும் வந்துவிடுவார்கள். செம்பனையில் இது தலைகீழ். விரெசென்ஸ் மரத்தின் மிப் புரதத்துக்கு வால் வெட்டுப்பட்டிருக்கிறது, அதனால் தானும் வேலை செய்யாது, பக்கத்தில் இருக்கிற நல்ல மண்டோரையும் வேலை செய்ய விடாது. அதனால் ஒரு கெட்ட பிரதி இருந்தாலே காய் பச்சையாகிவிடும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த இரண்டு வகை மண்டோரையும் நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடையில் விற்கிற பெரிய ஸ்ட்ராபெரிக்கு வந்தால் கணக்கு சிக்கலாகும். மனுஷனுக்கு 46 குரோமோசோம், செம்பனைக்கு 32, இந்தச் சின்னப் பழத்துக்கு 56. ஏழு ஏழாக எட்டுத் தொகுப்பு. அதனால் ஒரே மண்டோருக்குப் பல பிரதிகள், எல்லாரும் பேச மாட்டார்கள், ஒருவர்தான் அதிகம் பேசுவார். இதை முழுசாகப் படித்து முடிக்கவே 2019 வரை ஆனது.

இப்போது "உள்ளே வெள்ளை" சங்கதிக்கு வருகிறேன், எங்கள் கடைக்கு அவப்பெயர் வந்தது இதனால்தான். 2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாகச் சொல்கிறது. மரபணுக்களில் இடம் விட்டு இடம் தாவுகிற துண்டுகள் உண்டு. அப்படி ஒரு துண்டு எந்தக் காலத்திலோ ஸ்ட்ராபெரியின் மிப் 10 மரபணுவின் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த பிறகு மண்டோர் கையில் ஒலிபெருக்கி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, கூப்பிடுகிற சத்தம் நடுச்சதை வரை கேட்கிறது. அந்தத் துண்டு உள்ள இரகங்களில் பழம் உள்ளேயும் சிவப்பு. துண்டு இல்லாத இரகங்களில் சத்தம் தோலோடு நின்றுவிடுகிறது, உள்ளே வெளிர் நிறம். இரண்டும் நல்ல பழம். வெட்டிப் பார்த்து வெள்ளை தெரிந்தால், அந்த இரகத்துக்கு ஒலிபெருக்கி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஊசியால் குத்திச் சாயம் ஏற்றியிருந்தால் சிவப்பு எங்கே இருக்கும்? உள்ளேதானே? வெளியே மட்டும் எப்படி அவ்வளவு சீராக நிற்கும்? அந்தப் பழத்துக்குத் தோல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, விரல் அழுத்தினாலே சாறு விடும். தாப்பா சாலையின் வளைவுகளில் குலுங்கி வந்தாலே பாதி டப்பாவின் அடியில் ஈரம். அதைக் குத்தினால் சாயங்காலத்துக்குள் பூசணம் பூத்துவிடும். இது எந்த விஞ்ஞானியும் சொல்லாமல் பழக்கடைக்காரனுக்கே தெரிந்த விஷயம்.

வெள்ளை ஸ்ட்ராபெரி ஆய்வுக்கூடத்தில் செய்தது என்பதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. கதை நேர்மாறானது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் பூர்வகுடி மக்கள் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே பெரிய, வெளிர் நிற ஸ்ட்ராபெரியைப் பயிர்செய்து வந்தார்கள். 1712-இல் பிரான்ஸ் நாட்டு ராணுவப் பொறியாளர் ஒருவர் அங்கே கோட்டைகளை வேவு பார்க்கப் போனார். பெயர் பிரெஸியே. அவர்கள் மொழியில் ஸ்ட்ராபெரிக்கு ஃபிரேஸ் என்று பேர், அதற்கும் இவர் குடும்பப் பெயருக்கும் இருக்கிற ஒற்றுமையைப் பாருங்கள். கோழிமுட்டை அளவுக்கு வளரும், நிறம் வெளிறிய சிவப்பு என்று அந்தப் பழத்தைப் பற்றி எழுதி வைத்தார். 1714-இல் கப்பலில் செடிகளோடு திரும்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை ஐந்து. எல்லாம் பெண் செடி! ஐரோப்பாவில் பூத்தன, காய்க்கவில்லை. விதைத்தோட்டத்தில் இருந்த எவனும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான், தூள் கொடுக்க ஆண் இல்லாமல் எப்படிக் காய்க்கும்? பக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து வந்த சின்னச் சிவப்பு இனத்தை நட்ட பிறகுதான் பழம் வந்தது. சிலியின் அளவும் வட அமெரிக்காவின் சிவப்பும் கலந்து பிறந்த பிள்ளைதான் நாம் இன்றைக்குத் தின்கிற ஸ்ட்ராபெரி. டுஷேன் என்ற பிரெஞ்சு இளைஞர் 1766-இல் இதை ஒரு நூலில் எழுதினார், அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

ஆக, சிவப்பு ஸ்ட்ராபெரியின் பாட்டி வெளிர் நிறம். இப்போது வருகிற வெள்ளை இரகங்களை ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் செடியோடு செடி சேர்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் உண்டாக்கினார்கள், நாங்கள் பை கட்டித் தூள் ஊதிய அதே வேலைதான். வெள்ளை இரகம் ஒன்றை ஆராய்ந்தபோது மிப் 10 மரபணுவின் கடைசிப் பகுதியில் எட்டு எழுத்து கூடுதலாக நுழைந்திருப்பதைக் கண்டார்கள். அந்த எட்டு எழுத்தால் மண்டோர் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறார். ஒரு முறை அப்படிப்பட்ட செடி கிடைத்துவிட்டால் அப்புறம் கவலை இல்லை, ஸ்ட்ராபெரி தரையில் ஓடுகிற கொடி விட்டுக் குட்டிச்செடி போடும், குட்டி அப்படியே தாயின் நகல், நிறம் மாறாது. விதை போட்டால்தான் எந்தத் தாத்தா எட்டிப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

வெள்ளைப் பழம் காய் அல்ல என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்கள். மேலே ஒட்டியிருக்கிற விதைகளைப் பாருங்கள், பல வெள்ளை இரகங்களில் பழம் கனியும்போது அவை மட்டும் சிவக்கும். மூக்கருகே வைத்தால் வாசனை வரும். எங்களுக்கு வந்த டப்பாவில் அன்னாசி மாதிரி ஒரு மணம். இன்னொன்று, வாழைப்பழம் மாதிரி ஸ்ட்ராபெரியைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது, கல் வைத்தாலும் புகை போட்டாலும் இனிப்பு ஏறாது. அரைக்காயாகப் பறித்தால் நிறம் மட்டும் கொஞ்சம் கூடும், சர்க்கரை செடியில் இருந்த அளவுதான். அதனால் "சிவப்பாக இருக்கிறது, ஆகவே இனிக்கும்" என்பதும் பாதி உண்மைதான். இதை வியாபாரியாக நான் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

தண்ணீர் சிவப்பதற்கு வருகிறேன். ஆந்தோசயனின் தண்ணீரில் கரைகிற நிறமி. ஸ்ட்ராபெரியில் இருப்பது பெரும்பாலும் பெலார்கோனிடின் என்ற வகை, அந்த ஆரஞ்சு கலந்த பளிச் சிவப்பு அதனால் வருவது. காம்பு கிள்ளிய இடத்திலோ அடிபட்ட இடத்திலோ செல் உடைந்தால் அது தண்ணீரில் இறங்கத்தான் செய்யும். பீட்ரூட் நறுக்கிய கத்தியைக் கழுவினால் தண்ணீர் சிவக்கிறது, அதற்காகப் பீட்ரூட்டுக்கு யார் சாயம் அடித்தார்கள்? (பீட்ரூட்டில் இருப்பது வேறு நிறமி, அது வேறு விஷயம்.) செம்பனைக் கறுப்பும் இதே ஆந்தோசயனின்தான்.

இதை நான் வீட்டில் செய்து பார்த்தேன். நம் ஊரில் சங்குப்பூவை ஊறவைத்து நீலச் சோறு ஆக்குகிறார்கள் அல்லவா, அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். சங்குப்பூவின் நீலமும் ஆந்தோசயனின் குடும்பம். புளிப்பு, காரம் மாறினால் அது நிறம் மாறும். அதே சோதனையை ஸ்ட்ராபெரி கழுவிய தண்ணீரில் செய்தேன். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் அந்தச் சிவப்பு மங்கிச் சாம்பல் ஊதாவாகப் போனது. எலுமிச்சை பிழிந்ததும் சிவப்பு திரும்பி வந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் கேசரிக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தைக் கரைத்து அதிலும் சோடா போட்டேன், அசையவில்லை. மறுநாள் ஒரு தட்டில் இரண்டு கிண்ணம், ஒரு பொட்டலம் சோடா, அரை எலுமிச்சை எல்லாம் கடை மேசையில் வைத்தோம். பேப்பர் துண்டோடு வந்த அந்த அம்மா மறுபடியும் வந்தார், கொய்யா வாங்க. நான் பேசவில்லை, என் மனைவியே செய்து காட்டினார். அந்த அம்மா கடைசிவரை தலையாட்டவில்லை. ஆனால் சோடாப் பொட்டலம் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுக்கொண்டு போனார்.

போகிற போக்கில் ஒன்று. ஸ்ட்ராபெரி தின்றால் சிலருக்கு வாய் அரிக்கும், உடம்பு தடிக்கும். அதற்கும் சாயத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். பழத்திலேயே ஒரு புரதம் இருக்கிறது, அதுதான் காரணம். சுவீடனில் அப்படி அரிப்பு வருகிறவர்கள் ஒரு வெள்ளை இரகத்தைத் தின்று தாங்கியதையும், அந்த இரகத்தில் அந்தப் புரதம் மிகக் குறைவாக இருந்ததையும் 20 வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். உங்கள் துணுக்கு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது எந்தப் பழத்தை என்று நினைத்துப் பாருங்கள். அதற்காக அரிப்பு உள்ள பிள்ளைக்கு நானே வைத்தியம் சொல்ல மாட்டேன், டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கலப்படமே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்தில் நடக்கிற தில்லுமுல்லு எனக்கும் தெரியும். போன வாரப் பழத்தைக் கீழே அடுக்கி மேலே நேற்றைய பழத்தை வைத்து மூடுவார்கள். வெளிநாட்டு டப்பாவில் உள்ளூர்ப் பழத்தைப் போட்டு விலை ஏற்றுவார்கள். பழம் வாங்குகிறவர் டப்பாவைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தால் நானே நாலு பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன். இருக்கிற திருட்டை விட்டுவிட்டு இல்லாத திருட்டை எழுதினால் திருடனுக்குத்தான் லாபம்.

நான் கேட்பது இரண்டே விஷயம். துணுக்கு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அது தப்பு என்று ஒரு வரி போடுங்கள். மூலையில் போட்டதை மூலையிலேயே போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்புறம், மாணவர் பக்கத்தில் பரம்பரை நிறம் பற்றி எழுத ஆசிரியர்களைக் கேளுங்கள், உதாரணத்துக்கு மெண்டலின் பட்டாணியோடு நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பட்டாணிச் செடியை எங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை. கறுப்புக் குலையை ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்கள். இந்த நாட்டில் 1917-இல் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தோட்டத்தின் பேரே தென்னமரம். பேர் வைத்த மொழியில் அதன் மரபணுவைச் சொல்லிக்கொடுக்க வார்த்தையா இல்லை?

இந்த வாரம் ஈப்போவிலிருந்து வெள்ளை ஸ்ட்ராபெரி மூன்று டப்பா வந்தது. இரண்டு விற்றுவிட்டன. ஒன்றைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம். தங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள். சோடாவும் எலுமிச்சையும் மேசையிலேயே இருக்கின்றன. வருகிற ஞாயிறு வரைக்கும் காத்திருப்போம், அதற்கு மேல் வைத்தால் பழம் தாங்காது, பேரப்பிள்ளைகள் தின்றுவிடுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விதைத்தோட்ட மண்டோர்,
பீடோர், பேராக்.